கட்டம் போடுகிற வேலை

தெருவில் யாராவது என் வேலை என்னவென்று கேட்டால் அம்மா, "போன்ல கட்டம் போடுறான்" என்று சொல்லிவிடுவாள். அதை நம்பி ஜாதகத்தோடு வந்து நின்றவர்களும் உண்டு. அம்மா சொன்னது பொய்யும் இல்லை. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் உட்கார்ந்து, ஒரே நிற மணிகள் மூன்றைச் சேர்த்தால் வெடித்து மறையும் ஆட்டம் ஒன்றுக்கு லெவல் செய்துகொண்டிருந்தேன். ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். எதில் பூட்டு, எதில் பாறை, எத்தனை நகர்த்தலுக்குள் முடிக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் தீர்மானிக்க வேண்டும். 25 நகர்த்தல் கொடுத்தால் எல்லாரும் ஜெயித்துவிடுவார்கள். 20 கொடுத்தால் எரிச்சலில் ஆட்டத்தையே அழித்துவிடுவார்கள். 22 கொடுத்தால், ஒரே ஒரு நகர்த்தலில் கோட்டை விட்டவர் "இன்னொரு தடவை" என்பார். அந்த 22-ஐக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.

2012-ல் கேண்டி க்ரஷ் வந்து போட்ட போட்டில், அதைப் பார்த்து ஆட்டம் செய்யாத கம்பெனி குறைவு. அதில் ஐந்து உயிர். தோற்றால் ஒன்று போகும். அரை மணி நேரத்துக்கு ஒன்று திரும்ப வரும். ஐந்தும் போய்விட்டால் ஆட்டக்காரரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்துகிறார்கள் என்று தோன்றும். நோக்கமே வேறு. சலிக்கும்வரை ஆடியவர் மறுநாள் வரமாட்டார். ஆசை அடங்குமுன் எழுப்பிவிடப்பட்டவர் அரை மணியை எண்ணிக்கொண்டு காத்திருப்பார். அப்புறம் பரிசுப் பெட்டி. திறந்தால் என்ன வரும் என்று தெரியாது, சில நேரம் ஒன்றுமே வராது. ஹார்வர்டு பேராசிரியர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனை எங்கள் தொழிலில் எல்லாருக்கும் மனப்பாடம். கொத்தும்போதெல்லாம் தீனி விழுந்தால் புறா நிதானமாகக் கொத்தும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தால் ஓயாமல் கொத்தும். சூதாட்ட எந்திரம் ஓடுவதும் இதே கணக்கில்தான், எங்கள் பரிசுப் பெட்டியும் அதே கணக்கில்தான்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. புது லெவல் தயாரானதும் ஆட்டம் தெரியாத ஒருவரை உட்காரவைத்து, போனைக் கையில் கொடுத்து, பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்போம். அவர் என்ன கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. முகத்தைக்கூட அதிகம் பார்ப்பதில்லை, கட்டைவிரலைத்தான் பார்ப்போம். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே எங்கள் வேலையில் கோளாறு. ஒருமுறை கேன்டீன் அக்கா உட்கார்ந்தார். இரண்டு லெவல் சரசரவென்று ஓடியது. மூன்றாவதில் விரல் பூட்டுப் போட்ட மணிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. தொட்டார், அசையவில்லை. இன்னொரு தடவை தொட்டார். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டார். "தம்பி, இது பூட்டா, பூவா?" நான் சுவரைப் பார்த்தேன். மறுநாள் பூட்டின் படத்தை மாற்றினோம். அதோடு, அதற்கு முன்னால் இன்னொரு லெவல் சேர்த்தோம்: ஒரே ஒரு பூட்டு, பக்கத்தில் மூன்று மணி சேர்த்தாலே தானாக உடைகிற மாதிரி. அக்காவுக்குப் புரியவில்லை என்று அந்த அறையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. லெவல் சரியில்லை என்றுதான் பேச்சு.

எழுத்தில்லாமல் சொல்லிக்கொடுக்கும் இந்த வித்தைக்கு எங்கள் ஆட்களுக்குப் பாடம், 1985-ல் நிண்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ செய்த சூப்பர் மாரியோவின் முதல் லெவல். நானும் அதைச் சிறுவயதில் ஆடியிருக்கிறேன். 9999 ஆட்டம் என்று லேபிள் ஒட்டி, உள்ளே பத்துப் பன்னிரண்டையே திரும்பத் திரும்ப வைத்திருக்கும் கேசட்டில். மாரியோ இடது ஓரத்தில் நிற்கிறான், வலதுபக்கம் முழுக்க வெற்றிடம். வேறெங்கும் போக வழியில்லாததால் வலப்பக்கம் போகிறோம். கேள்விக்குறி போட்ட பெட்டி ஒன்று மின்னுகிறது. காளான் மாதிரி ஒரு பூதம் எதிரே வருகிறது. அதன்மேல் மோதிச் செத்தாலும் தொடங்கிச் சில வினாடிதான் ஆகியிருக்கும், இழப்பென்று ஒன்றுமில்லை. தாண்டக் குதித்தால் தலை பெட்டியில் இடித்துக் காசு வருகிறது. அரை நிமிடத்துக்குள் ஓடுவது, குதிப்பது, எது நல்லது, எது கெட்டது எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் தெருவில் ஆங்கிலம் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாத பயல்கள்தான் அதை நன்றாக ஆடினார்கள்.

ஆனால் மாரியோவுக்கு ஒரு முடிவு உண்டு. கடைசிக் கோட்டையில் இளவரசியை மீட்டால் ஆட்டம் முடிந்தது, டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். நாங்கள் செய்த ஆட்டத்துக்கு முடிவே கிடையாது. வாராவாரம் புது லெவல்கள் போகும். எங்கள் கூட்டங்களில் பேசப்பட்ட எண்கள் மூன்று: நிறுவியவர்களில் மறுநாள் எத்தனை சதவீதம் வந்தார்கள், ஏழாம் நாள், முப்பதாம் நாள். முடித்துவிட்டுத் திருப்தியோடு போனவரும் பிடிக்காமல் போனவரும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 1984-ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸுக்கும் முடிவில்லைதான். தோற்கும்வரை கட்டைகள் விழுந்துகொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் அதன் பழைய நிண்டெண்டோ வடிவத்தை 157-ஆவது லெவல் வரை ஆடினான். அதற்குமேல் தாங்காமல் ஆட்டம் உறைந்து நின்றது. மனிதர் ஒருவர் டெட்ரிஸை முடித்தார் என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. முடிவில்லாத ஒன்றுக்கு ஒரு முடிவு கிடைத்ததில் மக்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

கம்பெனி கைமாறியபோது வேலையை விட்டு ஸ்ரீரங்கம் வந்துவிட்டேன். ஒரு பதிப்பகத்துக்காக மண்ணியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை கிடைத்தது. நானூறு பக்கத்துக்கு மேல். பணம் முழுவதும் முடித்துக் கொடுத்தபிறகு. ஆபீஸ் இல்லை, கேட்பாரில்லை. காலையில் காபி குடித்துவிட்டு மேசைக்கு வருவேன். கலைச்சொல் ஒன்றைப் பார்க்கப் போனை எடுப்பேன். களிமண்ணுக்கும் வண்டலுக்கும் நடுவில் வரும் பதத்தைத் தேடப் போனவன், யாரோ ஒருவர் ராஜஸ்தானில் கிணறு வெட்டுவதை முழுசாகப் பார்த்து முடித்திருப்பேன். அதற்குள் அம்மா இலை போட்டுக் கூப்பிடுவாள்.

இதை மனவுறுதிக் குறைவு என்று சொல்ல என் தொழிற்புத்தி இடம் கொடுக்கவில்லை. இரண்டு ஆட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்த ஆட்கள் கோடிக்கணக்கில் செலவழித்துச் செதுக்கியிருக்கிறார்கள்: முதல் படி ஒரு விரல் தொடுதல், தொட்ட நொடியில் பதில், அடுத்து என்ன வருமென்று தெரியாத ஆவல். இன்னொன்றில் முதல் படியே நானூறு பக்கம், பதில் வர மாதக்கணக்கு, சரியாகச் செய்தேனா என்று சொல்ல ஆளில்லை. கேன்டீன் அக்காவை இந்த லெவலில் உட்காரவைத்தால் முதல் நிமிடத்திலேயே எழுந்து போயிருப்பார். ஆள் சரிதான், லெவல்தான் சரியில்லை.

முதலில் போனைத்தான் கவனித்தேன். எங்கள் ஆபீசில் ஒரு வாரம் முழுக்க, ஆட்டம் தொடங்க மூன்று முறை தொட வேண்டியிருந்ததை ஒரே தொடுதலாகக் குறைக்கப் பாடுபட்டிருக்கிறோம். ஒவ்வொரு தொடுதலிலும் கொஞ்சம் பேர் உதிர்ந்து போவார்கள் என்பது தொழிலில் அடிப்படைப் பாடம். அங்கே எடுத்துப்போட்ட தடைகளை இங்கே ஒவ்வொன்றாக வைத்தேன். செயலிகளை அழித்தேன், பார்க்க வேண்டுமென்றால் பிரவுசரில் போய்க் கடவுச்சொல் அடிக்க வேண்டும். கடவுச்சொல்லை என் அக்காவை வைக்கச் சொன்னேன். அவள் திருவெள்ளறைக் கோயில் உற்சவர் பெயரையும் தன் கல்யாணத் தேதியையும் கலந்து, என்னால் நினைவில் வைக்கவே முடியாதபடி ஒன்று வைத்தாள். திரையின் வண்ணத்தை எடுத்துச் சாம்பல் நிறமாக்கினேன். போன் அத்தையின் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எடுக்கப் போனால் அத்தை, "கை கால் அலம்பினியா?" என்பாள். அதைவிட நல்ல தடையை எந்த வடிவமைப்பாளரும் யோசித்திருக்க முடியாது.

அடுத்தது, முதல் படி. பெர்லினில் கர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் படித்த ப்ளூமா ஸெய்கார்னிக் 1927-ல் வெளியிட்ட ஆய்வு பிரபலம்: பாதியில் நிறுத்திய வேலை முடித்த வேலையைவிட நன்றாக நினைவிருக்கும் என்பது. நினைவு பற்றிய அந்த முடிவு பின்னால் சோதித்தவர்களுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அவர் கூடவே இருந்த மரியா ஓவ்ஸியான்கினா மறுவருடம் சொன்னதுதான் எனக்கு உதவியது: பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே திரும்பிப் போய் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ராத்திரி எழுந்துபோகும்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் எழுந்தேன். "மழைநீர் மண்ணின் மேலடுக்கிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்து" என்று நிற்கும். காலையில் உட்கார்ந்ததும் கை தானாக "கீழே கொண்டுபோய்ப் படியவைக்கிறது" என்று எழுதிவிடும். முதல் லெவல் ஜெயித்தாயிற்று.

இப்படி நான் ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் எழுதவிருந்தது அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு. 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி தமிழ், மீதி பொது அறிவும் கணக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பாடப் புத்தகம் முழுக்க அடுக்கிவைத்திருந்தான். அந்த அடுக்கின் உயரத்தைப் பார்த்தாலே போனை எடுக்கத் தோன்றும். அக்கா தன் பங்குக்கு ஏற்கெனவே ஒரு திட்டம் போட்டிருந்தாள்: ஒரு பாடம் முடித்தால் இருபது ரூபாய். பையன் பணம் நன்றாகவே சம்பாதித்தான். எப்படியென்றால், குடிமையியல் பாடங்களாகப் பொறுக்கி எடுத்து முடித்திருந்தான், அவைதான் நாலைந்து பக்கம். கணக்குப் புத்தகம் அட்டை கசங்காமல் இருந்தது.

"அவனைத் திட்டாதே. நீ எதுக்குக் காசு குடுத்தியோ அதைத்தான் அவன் செஞ்சிருக்கான்" என்றேன்.

"அப்ப ஐம்பதாக்கட்டுமா?"

1973-ல் உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் வெளியிட்ட சோதனையை அவளுக்குச் சொன்னேன். வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகள். ஒரு பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் கழித்துச் சும்மா விட்டபோது, அந்தக் குழந்தைகள் பேனாவை எடுத்த நேரம் மற்றவர்களில் பாதிதான் இருந்தது. சொல்லாமல் கொள்ளாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த பிரிவில் இந்தச் சரிவு இல்லை. வேலையை ஆட்டமாக்குகிறேன் என்று கிளம்பும் பலரும் புள்ளி, பதக்கம், தரவரிசை என்று வெளியிலிருந்து ஒட்டுகிறார்கள். ஆட்டத்தில் மேலோட்டமான பகுதியே அதுதான். என்னைக் கேட்டால், எங்கள் ஆட்டத்தில் புள்ளிகளை மொத்தமாக எடுத்திருந்தாலும் பாதிப்பேர் கவனித்திருக்க மாட்டார்கள். மணி வெடிக்கும் சத்தத்தை எடுத்திருந்தால் மறுநாளே கடையை மூடியிருக்க வேண்டியதுதான்.

அக்காவுக்குச் சோதனை பிடிக்கவில்லை. "வெள்ளைக்காரக் குழந்தைங்க" என்று முடித்துவிட்டாள். அவளை மாற்றியது அந்த வருடத்து வைகுண்ட ஏகாதசி.

ஏகாதசி இரவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண் விழிக்க அக்கம்பக்கத்துப் பெண்கள், பிள்ளைகள் எல்லாம் கூடுவார்கள். ஒரு பக்கம் பரமபதப் படம் விரித்திருக்கும், ஏணியும் பாம்பும். இன்னொரு பக்கம் அத்தை சாக்பீஸால் தரையில் தாயக்கட்டம் வரைந்திருப்பாள். காய்களுக்குப் புளியங்கொட்டை, உடைந்த வளையல், சோழி. சின்னவயதிலிருந்து பார்த்ததுதான். அந்த வருடம்தான் தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன்: தூக்கம் என்ற பெரிய எதிரியை, காபியை மட்டும் நம்பாமல், ஆட்டத்தை வைத்து விடியும்வரை எதிர்த்து நிற்க ஊரே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது.

ஒரு மணிக்குமேல் முதலில் சரிந்தது பரமபதம். அதில் ஆடுகிறவருக்குத் தீர்மானிக்க ஒன்றுமில்லை. விழுந்த எண்ணுக்கு நகர்த்த வேண்டும். ஏணியும் பாம்பும் அதிர்ஷ்டத்தின் பாடு. நல்ல ஆட்டம் என்பது சுவையான முடிவுகளின் வரிசை என்று சிவிலைசேஷன் ஆட்டத்தைச் செய்த சிட் மையர் சொல்வார். தாயத்தில் அது உண்டு. அஞ்சு விழுந்தால் எந்தக் காயை நகர்த்துவது? யாரும் வெட்ட முடியாத மலைக் கட்டத்தில் பத்திரமாக இருப்பதை விட்டுவிட்டு, எதிராளியை வெட்டப் போவதா, நடுவில் இருக்கும் பழத்தை நோக்கிப் போவதா? வெட்டாமல் பழத்துக்குள் போக எங்கள் வீட்டு விதி விடாது. அதனால் பயந்தவனும் ஒரு தடவையாவது துணிய வேண்டும். கட்டை இரண்டும் பித்தளை. பக்கங்களில் வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. காயை இறக்கத் தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். பதினாறு விதமாக விழக்கூடியதில் தாயம் இரண்டே விதம், எட்டுக்கு ஒன்று. தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறு ஆட்டம். ஸ்கின்னர் பெட்டிக்குள் வைத்தது அத்தனையும் எங்கள் கூடத்துத் தரையில் கிடந்தது. ஒரே வித்தியாசம், எல்லாக் காயும் பழமானால் ஆட்டம் முடிந்தது.

இரண்டரை மணி இருக்கும். அக்கா மகன் சுவரில் சாய்ந்து கண் சொருகிவிட்டான். எழுப்பப் போன அக்காவை அத்தை தடுத்தாள். "தட்டி எழுப்பினா மறுபடியும் தூங்குவான். தூங்குறவன் கையில கட்டையக் குடு." உள்ளங்கையில் குளிர்ந்த பித்தளை பட்டதும் அவன் விழித்தான். எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருட்டினான். இரண்டு கட்டையும் வெறுமை காட்ட, பன்னிரண்டு! கூடமே கத்தியது. அதற்கப்புறம் விடியும்வரை தூங்கவில்லை. அத்தை ஒவ்வொரு சுற்றிலும் கொட்டாவி விடுகிறவர் யார் என்று பார்த்து ஆட்ட வரிசையையே மாற்றிக்கொண்டிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். ஆபீசில் இதற்கென்று தனி ஆள் வைத்திருந்தோம்.

மறுவாரம் மளிகைக்கடைக் காலண்டரின் பின்பக்கத்தில் இரண்டு கட்டம் வரைந்தோம், ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. புத்தகம் முழுவதும் ஒரே மூச்சில் அல்ல, ஒரு அத்தியாயத்துக்கு ஒரு சதுரம். நடுவில் பழம். ஆங்காங்கே பெருக்கல் குறி போட்ட மலைகள். காலையில் கட்டையை உருட்ட வேண்டும். விழுந்த எண்ணுக்கு எனக்கு அத்தனை பத்தி, அவனுக்கு அத்தனை பக்கம். எப்போதும் மூன்றுதான் அதிகம் விழும். மூன்று பத்தி என்றால் யாருக்குப் பயம்? மூன்றை முடித்தபின் கை நிற்காது, நாலாவதுக்குப் போகும். பன்னிரண்டு விழுந்தால் முணுமுணுப்போம். முடித்தால் மறுநாள் மலை, அதாவது லீவு. மறு ஆட்டம் உண்டா என்பது அவரவர் விருப்பம். இந்த விருப்பத்தை மட்டும் அக்கா கையில் போகவிடக் கூடாது என்பதில் பையன் உறுதியாக இருந்தான். அது சரியும்கூட. கட்டையை அம்மா உருட்டினால் அது வீட்டுப்பாடம்.

கட்டத்தை வெறுமையாகத் தொங்கவிடவில்லை. அவன் படித்து முடித்திருந்த குடிமையியல் பாடங்களுக்கெல்லாம் முதலிலேயே சிவப்பு மை பூசினோம். இந்த யோசனை, நூனெஸ், த்ரெஸ் என்ற இருவர் கார் கழுவும் கடையில் செய்து 2006-ல் வெளியிட்ட சோதனையிலிருந்து வந்தது. ஒரு பாதிப் பேருக்கு எட்டு முத்திரை குத்தினால் ஒரு கழுவல் இலவசம் என்று அட்டை. மறுபாதிக்குப் பத்து முத்திரை, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்தியது. இருவருக்கும் பாக்கி எட்டுதான். முதல் பிரிவில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டாவதில் 34 சதவீதம். கண்கட்டு வித்தைதான். ஆனால் இருபது ரூபாய்க்காகப் படித்ததும் படித்ததுதானே, அது கணக்கில் வந்ததில் பையனுக்கு முகம் மலர்ந்தது.

கணக்குதான் கடைசிவரை இழுத்தது. தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள்களை விடையோடு எடுத்து, 25 கேள்விக்கு ஒரு தாள் என்று நான் பிரித்துக் கொடுத்தேன். விடை அதே தாளின் பின்பக்கம். நூறு கேள்வி முடித்துவிட்டு மொத்தமாகத் திருத்துவது கிடையாது, ஒன்று போட்டதும் திருப்பிப் பார்க்கலாம். முதல் ஐந்து கேள்வி அவனுக்குத் தெரிந்தவை. அப்புறம் மெல்லக் கடினம். எட்டாவது கேள்வி, வட்டி. பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து அவன் பேனாவைப் பார்த்தேன். பேனா தனிவட்டியில் ஓடியது. கூட்டுவட்டியில் இரண்டாம் ஆண்டு தொடங்கும் இடத்தில் நின்றது. ஓரத்தில் ஒரு மீன் வரைந்தான். மீனுக்குச் செதிள் போட்டான். இவனுக்கு வட்டி தெரியாமல் இல்லை, முதல் ஆண்டு வட்டி அசலோடு சேர்ந்து புது அசலாவதுதான் பிடிபடவில்லை. ஆகவே மறுநாள் தாளில் அந்த ஓர் அடியை மட்டும் கேட்கும் கேள்வி மூன்று வைத்தேன். பூட்டு ஒன்றே ஒன்று உள்ள லெவல். மலையேறுகிறவர்கள், சதுரங்கக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் எனப் பலரைக் கேட்டு உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி எழுதியதன் சாரம், வேலை திறமைக்குக் கீழே இருந்தால் சலிப்பு, மேலே இருந்தால் பதற்றம், இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து இருக்கிறது என்பது. அந்தச் சந்து எங்கே என்று அவன் வரைந்த மீன்கள்தான் காட்டிக்கொடுத்தன. மீன் இருக்கும் இடமெல்லாம் மறுநாள் ஒரு படி இறக்கினேன்.

மொழி கற்கும் செயலிகளில் தொடர்ச்சியாக இத்தனை நாள் வந்தாய் என்று நெருப்புப் படம் போட்டுக் காட்டுவார்கள். ஒருநாள் விட்டால் பெரும்பாலும் எண் பூஜ்யம். அதில் எனக்கு ஒப்புதல் இல்லை. நூறு நாள் வந்தவர் காய்ச்சலில் ஒருநாள் படுத்தால், நூறும் போயிற்றே என்று செயலியையே மூடுகிறார். மாசியில் பையனுக்கு அம்மை போட்டுப் பத்து நாளுக்குமேல் வேப்பிலையில் கிடந்தான். தாயத்தில் வெட்டுப்பட்டால் அந்த ஒரு காய்தான் வீட்டுக்குப் போகும். மற்ற காய்கள் இருந்த இடத்தில் இருக்கும், பழமானது பழமானதுதான். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். தலைக்குத் தண்ணீர் விட்ட மறுநாள் கட்டையை உருட்டி, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தான்.

எல்லா வேலையும் இதற்குப் படியவில்லை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு தயாரிக்க வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான பதங்கள், அகர வரிசை, பக்க எண். எப்படிக் கட்டம் போட்டாலும் அது சொல்லடைவாகவே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தேன், வேறு வழியில்லை. நடுவில் இருந்த அத்தியாயங்களில் கதை நேரெதிர். கரிசலில் கோடையில் வெடிப்பு ஏன் விழுகிறது, மழை வந்ததும் அந்த வெடிப்பு எப்படி மூடிக்கொள்கிறது என்று எழுதிக்கொண்டிருந்த மாதத்தில் கட்டையை உருட்ட மறந்தே போனேன். அம்மாதான் காலண்டரைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வாரமா கட்டம் காலியா இருக்கே, வேலை நடக்கலியா?" என்று கவலையோடு கேட்டாள். அந்த இரண்டு வாரத்தில்தான் அதிகப் பக்கம் ஓடியிருந்தது.

பையன் இப்போது அம்மா மண்டபப் படித்துறையில் சாயங்காலம் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு படிக்கிறான். என் தாள்களை ஓரங்கட்டியாயிற்று. ஆளுக்கு ஐந்து கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும், குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும், தன் கேள்வி தனக்கே வந்தால் கழிவு. கடைசியாக வருகிறவன் எல்லாருக்கும் டீ வாங்க வேண்டும். லெப்பர் சோதனையை அவனுக்கும் சொன்னேன்.

"டீக்காக யாரு மாமா படிக்கிறா? தோத்தவன் காசு குடுக்கும்போது அவன் மூஞ்சியப் பாக்கணும், அதுக்குத்தான்."

"அப்ப அது வேற ஆட்டம்டா."

"ஆமா. நீங்க ஒரு நாள் வந்து உக்காருங்க."

உட்கார்ந்தேன். காவிரி எந்த மலையில் பிறக்கிறது என்பதுவரை நன்றாகத்தான் போனது. அதற்குமேல் பஞ்சாயத்து ராஜ் சட்டத் திருத்தத்தின் எண், எட்டாம் வகுப்பு அறிவியல், யாரோ ஒரு கவர்னர் ஜெனரல் என்று சரமாரியாக வந்தது. டீயோடு நிற்கவில்லை, பஜ்ஜியும் சேர்த்து வாங்க வைத்துவிட்டார்கள்.